பதினேழு மூட்டுகள்

சேலையூரில் நாங்கள் இருப்பது முதல் மாடி. கீழ் வீட்டில் எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். சென்ற ஆனியில் ஒருநாள் சாயங்காலம் மெல்லப் படியேறி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்: “வீட்ல கொழந்தை யாராச்சும் வந்திருக்கா? பத்து நாளா தொபுக்கு தொபுக்குன்னு விழுற சத்தம் கேக்குது. நடக்கப் பழகுதுன்னு நெனச்சேன். ஆனா ஒரு தடவைகூட அழ மாட்டேங்குதே, அதான் பயமாயிடுச்சு.”

அழாமல் விழுந்துகொண்டிருந்தது, என் அக்கா மகனும் அவனோடு படிக்கும் இருவரும் சேர்ந்து செய்த மனித உருவ ரோபோ. உயரம் 40 செ.மீ. எடை 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. காலுக்கு ஐந்தைந்து, கைக்கு மும்மூன்று, தலைக்கு ஒன்று என 17 மூட்டுகள்; மூட்டுக்கு ஒரு சர்வோ மோட்டார். இந்தக் கணக்கு பையன்கள் கண்டுபிடித்ததில்லை. 2004-இல் ஜப்பானின் கோண்டோ நிறுவனம் ஆர்வலர்களுக்கென்று விற்பனைக்கு விட்ட கேஎச்ஆர்-1 என்ற சிறு ரோபோவுக்கும் 17 மூட்டுகள்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பே அங்கே ரோபோ-ஒன் என்ற சண்டைப் போட்டி தொடங்கியிருந்தது. வீட்டில் செய்த முழ உயர ரோபோக்கள் ஒன்றையொன்று தள்ளி வீழ்த்தும். மனித உருவ ரோபோ பெரிய ஆய்வகங்களைவிட்டு இறங்கிச் சாதாரண ஆட்களின் மேசைக்கு வந்ததில் அந்தப் போட்டிக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டுக் காட்டினோம். ரோபோ மூன்று அடி வைத்தது. நான்காவது அடியில் முகங்குப்புறச் சாய்ந்தது. பிடிப்பதற்கு அவர் கை தானாக நீண்டுவிட்டது. “பாத்து தம்பி, பாத்து” என்றார். அக்கா மகன் பிடிக்கவில்லை. விழட்டும் என்று விட்டுவிட்டு, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நோட்டில் எழுதினான். அந்தக் கையும் இந்த நோட்டும் சில மாதங்களாக என் நினைப்பில் இருக்கின்றன.

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்று இருக்கிறது. அதைச் சாய்த்துவிட்டால் நிமிர்ந்துகொள்ளும். அடிப்பாகத்தில் கனம், அடி உருண்டை. விழாது, ஆனால் இருந்த இடத்தைவிட்டு நகரவும் நகராது. நடக்க வேண்டிய உருவத்துக்கு எல்லாம் தலைகீழ். கனம் மேலே இருக்கும், தரையைத் தொடும் பாதம் சிறியது. ஒவ்வொரு அடியிலும் உடம்பு விழத் தொடங்கியாக வேண்டும். விழுந்து முடிப்பதற்குள் மறுகால் முன்னே போய்த் தாங்கியாக வேண்டும். நாம் நாள் முழுதும் இதைத்தான் செய்கிறோம், கவனிப்பதில்லை. பையன்களுக்கு அது ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு எண்ணாக, நொடிக்கு 50 முறை எழுதியாக வேண்டிய வேலையாக இருக்கிறது.

பெரிய ரோபோவைவிடச் சிறியது சுலபம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடையைப் பொறுத்தவரை அது தப்பு. உள்ளங்கையில் துடைப்பக் கட்டையை நிறுத்திப் பாருங்கள், கொஞ்ச நேரம் நிற்கும். பென்சிலை நிறுத்த முடியாது. நீளம் குறையக் குறைய விழும் நேரமும் குறைகிறது. நீளம் நாலில் ஒன்றானால் நேரம் பாதி. ஆளுயர ரோபோவுக்குத் தடுமாறிச் சுதாரிக்க ஒரு நொடி கிடைக்கும் இடத்தில் எங்கள் வீட்டு ரோபோவுக்கு அரை நொடி. ஆனால் விழுந்த பிறகு கணக்கு திரும்பிவிடுகிறது. நீளம் பாதியானால் எடை எட்டில் ஒன்று, விழும் உயரமும் பாதி, ஆக அடி பதினாறில் ஒன்று. 60 கிலோ எடையுள்ள ஆளுயர ரோபோ சாய்ந்தால் 500 ஜூல் ஆற்றலோடு தரையில் அறையும். கீழே யாராவது இருந்தால் எலும்பு முறியும். எங்கள் வீட்டு ரோபோவின் அடி 4 ஜூல்தான். சமையல் மேடையிலிருந்து அரைக் கிலோ பருப்புப் பொட்டலம் கைதவறி விழுந்தால் அவ்வளவு இருக்கும்.

ஆளுயர ரோபோவை ஆய்வகங்களில் மேலிருந்து கயிற்றில் கட்டித்தான் நடக்கப் பழக்குகிறார்கள். சிறியதைக் கட்ட வேண்டாம். ஒரு சாயங்காலத்தில் முப்பது முறை விழலாம், முப்பது முறையும் எடுத்து நிறுத்தலாம். மாடியில் குடியிருக்கிற, தனி ஆய்வகம் இல்லாத, ஆயிரங்களில் மட்டுமே செலவழிக்க முடிகிற பிள்ளைகளுக்கு மனித நடையைப் படிக்கக் கிடைத்திருக்கும் வழி இந்தச் சிறுமைதான். அதனாலேயே இதைப் பொம்மை என்று யாராவது ஒதுக்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

விழுவதற்கு விலை குறைவு என்றேனே தவிர, விலையே இல்லை என்று சொல்லவில்லை. முதலில் போவது முழங்கால் சர்வோவின் பல்சக்கரம். பையன்கள் வாங்கியது எம்ஜி 996 ஆர் என்ற வகை. ஒன்று 55 கிராம், ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய். பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு என மூன்று வயர் வெளியே வரும். முதல் இரண்டும் மின்சாரத்துக்கு, மூன்றாவது கட்டளைக்கு. 20 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு போகும். துடிப்பின் அகலம் 1.5 மில்லிநொடி என்றால் நடுவில் நில், குறைந்தால் ஒரு பக்கம், கூடினால் மறுபக்கம். சர்வோ சொன்னதைக் கேட்கும். போய்ச் சேர்ந்தேனா, பாதியில் முட்டிக்கொண்டு நிற்கிறேனா, சூடாகிவிட்டேனா என்று ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாது. பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்த பிறகுதான் அதன் கஷ்டம் தெரியும்.

அடியில் நாலு திருகாணி. கழற்றினால் பல்சக்கரங்கள், கட்டைவிரல் அளவு மோட்டார், அதற்குப் பக்கத்தில் ரேடியோ வால்யூம் திருகில் இருப்பது போன்ற ஒரு பொட்டென்ஷியோமீட்டர். தான் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது சர்வோவுக்கு இதை வைத்துத்தான் தெரிகிறது. ஆக அதற்கு எல்லாம் தெரியும், வெளியே சொல்வதற்கு வயர் இல்லை, அவ்வளவுதான். பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்காலில் ஒரு நூல் வயரைச் சால்டர் செய்து வெளியே இழுத்துவிட்டால் நான்காவது வயர் கிடைத்துவிடும். அதிலிருந்து கோணத்தைப் படித்துக்கொள்ளலாம். உலகமெங்கும் ஆர்வலர்கள் செய்வதுதான் இது. ஆனாலும் என் மருமகன் முதல் முழங்காலுக்கு அதைச் செய்து முடித்து, கையால் காலை மடக்கும்போது திரையில் எண் மாறுவதைக் காட்டிய ராத்திரியை நான் மறக்க மாட்டேன். “மாமா, இப்ப இது பேசுது” என்றான். பேச்சு என்று அவன் சொன்னது அந்த எண்ணைத்தான்.

காசு இருந்தால் பேசும் சர்வோவையே வாங்கலாம். கொரியாவின் ரோபோடிஸ் நிறுவனத்தின் டைனமிக்சல் மோட்டார்கள் கோணம், சுமை, சூடு எல்லாவற்றையும் தாங்களே அறிவிக்கும். அந்த வகையில் நல்லதாக ஒன்று வாங்கும் பணத்துக்கு இவர்களுடைய பதினேழையும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். சிறு மனித உருவ ரோபோவின் விலையில் பெரும்பங்கு மோட்டாருக்குத்தான் போகிறது. எலும்பை முப்பரிமாண அச்சில் மலிவாகப் போட்டுவிடலாம். மூளைக்குச் சில ஆயிரம் ரூபாய்ப் பலகை போதும். தசைதான் விலை.

2010-இல் ரோபோடிஸும் அமெரிக்காவின் விர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஹாங் நடத்திய ஆய்வகமும் சேர்ந்து டார்வின்-ஓபி என்ற ரோபோவை வெளியிட்டார்கள். 45.5 செ.மீ. உயரம், ஏறக்குறைய 3 கிலோ எடை, 20 மூட்டுகள். விலை பல லட்சம். ஆனால் அதன் வரைபடங்கள், மின்சுற்று, மென்பொருள் எல்லாவற்றையும் பொதுவில் வைத்துவிட்டார்கள். வாங்க முடியாதவர் பார்த்துச் செய்துகொள்ளலாம். பிரான்சின் போர்தோவில் இன்ரியா ஆய்வகத்தார் பாப்பி என்ற 83 செ.மீ. உருவத்தை, யாரும் அச்சிட்டு மாற்றிக்கொள்ளும்படி கொடுத்தார்கள். இதற்கெல்லாம் முன்பே, 2001-இல், ஃபுஜிட்சு தன் 48 செ.மீ. ரோபோவின் பெயரிலேயே ‘திறந்த கட்டமைப்பு’ என்ற சொல்லை வைத்திருந்தது. ஹோப் என்ற பெயரின் விரிவில் அது வருகிறது.

மென்பொருள்காரர்கள் இவற்றைப் பிளாட்ஃபார்ம் என்கிறார்கள். தளம் என்று கலைச்சொல்லும் இருக்கிறது. எனக்கு மனதில் வருவது திண்ணை. வீட்டுக்காரர் தம் செலவில் கட்டுவார், உட்காருவது தெருவில் போகிறவர். அங்கே உட்கார்ந்து என்ன பேச வேண்டும், எவ்வளவு நேரம் தூங்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்ல மாட்டார். செய்தவர் நினைத்தே பார்க்காத ஒன்றை வேறொருவர் செய்துகொள்வதற்காக ஒரு பொருளில் விட்டுவைக்கும் இடம்தான் இந்த ரோபோக்களில் முக்கியமானது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து கேம்ப் ரோடு வரைக்கும் நடந்தால் இன்றைக்குத் திண்ணை உள்ள வீடு கண்ணில் படாது. கிரில் கேட்டும் கார் நிறுத்தும் இடமும்தான். பொருள்களும் அப்படி ஆகிவருகின்றன.

திண்ணை இருந்தும் கதவு சாத்திய வீடு என்று நாவோ என்ற ரோபோவைச் சொல்லலாம். 2005-இல் பாரிசில் ப்ரூனோ மெசோனியே தொடங்கிய அல்டெபரான் நிறுவனத்தின் பிள்ளை அது. 58 செ.மீ. உயரம். அழகும் நிதானமும் உள்ள நடை. உலக ரோபோ கால்பந்துப் போட்டியான ரோபோகப்பில் எல்லா அணிக்கும் ஒரே வன்பொருள் என்ற பிரிவு 2008-இலிருந்து நாவோவுக்கு மாறியது. ஒரே உடம்பு, வெவ்வேறு மூளை. ஜெர்மனியின் பிரெமன் நகரத்து பி-ஹியூமன் அணி தன் நிரலை ஆண்டுதோறும் எல்லோருக்கும் வெளியிட்டது. தோற்ற அணிகள் அதைப் படித்து அடுத்த ஆண்டு வளர்ந்தன. இது திண்ணைதான், சந்தேகமில்லை. ஆனால் உள்ளே ஒரு மூட்டு போனால் பெரும்பாலும் செய்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். நிறுவனம் 2012-இல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் கைக்குப் போனது, 2022-இல் ஒரு ஜெர்மன் குழுமத்தின் கைக்கு, 2025-இல் திவாலாகி அதன் சொத்துகள் ஷென்சென் நகரத்து மேக்ஸ்விஷன் கைக்கு. வீடு மூன்று முறை கைமாறும்போது திண்ணையில் இருந்தவர்களுக்கு என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. எத்தனையோ பள்ளிகளில், மனிதர் முகத்தைப் பார்க்கக் கூசும் ஆட்டிசக் குழந்தைகள் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துப் பேசப் பழகியிருக்கிறார்கள்.

நாவோ வருவதற்கு முன் ரோபோகப்பின் அந்தப் பிரிவில் ஓடியது சோனியின் ஐபோ நாய். 1999-இல் வந்தது, 2006-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள், 2014-இல் பழுதுபார்ப்பதையும் நிறுத்தினார்கள். அதன் பிறகு சோனியிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர்கள் சிலர் ஏ-ஃபன் என்ற சிறு நிறுவனத்தில் அமர்ந்து அவற்றைப் பழுதுபார்த்தார்கள். புது உதிரிபாகம் கிடையாது. செத்துப்போன ஒரு ஐபோவிலிருந்து எடுத்துத்தான் இன்னொன்றுக்குப் போட வேண்டும். எடுப்பதற்கு முன்னால் சிபா மாகாணம் இசுமியில் உள்ள கோஃபுகுஜி என்ற பழைய புத்தர் கோயிலில் வரிசையாக வைத்து, பிக்கு ஒருவர் மந்திரம் ஓதிச் சடங்கு செய்தார். அந்தச் சடங்கின் படத்தில் ஒவ்வொரு நாயின் கழுத்திலும் சீட்டு தொங்கும், எந்த ஊர், எந்த வீடு என்று. அந்தப் படத்தைப் பார்த்தபோது அதில் எனக்கு விசித்திரமாக எதுவும் படவில்லை.

ரோபோ நாய் நமக்குப் பழக்கமானது. 1980-களில் ஆனந்த விகடனில் சுஜாதா ‘என் இனிய இயந்திரா’ தொடர்கதையை எழுதியபோது ஐபோ கிடையாது. அதில் வரும் ஜீனோ ஒரு சின்ன நாய், புத்தகம் படிக்கும், கதாநாயகி நிலாவுக்கு யோசனை சொல்லும். எழுதியவர் குரோம்பேட்டை எம்ஐடியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். 1949-இல் சி. ராஜம் தொடங்கிய அந்தக் கல்லூரி தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்ததும் அங்கேதான். பிற்பாடு சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேலை செய்தார். சால்டரிங் புகையை முகர்ந்த ஒருவர் கற்பனை செய்ததாலோ என்னவோ ஜீனோ மடியில் அடங்கும் அளவில் இருக்கிறது. 2010-இல் ‘எந்திரன்’ வந்த பிறகு ரோபோ என்றால் அதில் வரும் சிட்டியின் உயரமும் பலமும்தான் நம் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருகிறது. அந்தப் படத்துக்கும் சுஜாதா வசனம் எழுதியிருக்கிறார், படம் வருமுன்பே மறைந்துவிட்டார். எனக்கு ஜீனோதான் நெருக்கம். ரோபோவைப் பற்றித் தமிழ் யோசித்த முதல் பெரிய யோசனை, கூட உட்கார்ந்து படிக்கும் சின்ன உருவமாக இருந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஜீனோ தமிழ் பேசும். நாவோ இருபது மொழி பேசும், தமிழ் அதில் இல்லை. எங்கள் வீட்டு ரோபோ பேச வேண்டும் என்று பையன்கள் ஆசைப்பட்டபோது அதற்கான தேடல் எங்களைப் பழைய மகாபலிபுரம் சாலைக்குக் கொண்டுபோய் விட்டது. எழுத்தைப் பேச்சாக மாற்றும் மென்பொருளை இந்திய மொழிகளுக்குச் செய்ய ஐஐடி மெட்ராஸ் தலைமையில் பல கல்லூரிகள் சேர்ந்து உழைத்தன. தமிழுக்கான வேலையில் அந்தச் சாலையில் களவாக்கத்தில் உள்ள எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரி இருந்தது. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டுவதுதான் அந்த உழைப்பின் முதல் நோக்கம். நம் எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு, நாம் உணர்வதில்லை. பல்லாவரம் என்பதில் உள்ள ‘ப’ வேறு, தாம்பரம் என்பதில் உள்ள ‘ப’ வேறு. கல், பகல், பங்கு மூன்றிலும் ஒரே ‘க’தான், ஒலி மூன்று. இடத்தைப் பார்த்து ஒலியை முடிவு செய்யும் விதிகளை யாரோ பொறுமையாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். ‘பஸ்’ வந்தால் விதி உடையும், அதற்குத் தனியாக ஒன்று. கண் தெரியாத ஒரு மாணவி செய்தித்தாள் படிக்க என்று செய்யப்பட்ட குரலை, மேசைமேல் விழுந்து எழும் ஓர் உருவத்தின் நெஞ்சில் இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு ஒருவர் கொண்டுவந்துவிட முடிகிறது. செய்தவர்கள் வாசலைத் திறந்து வைத்தார்கள், அதனால் முடிகிறது.

ஒரு பள்ளிக்கூடத்தில் இதற்கு நேர்மாறான காட்சியையும் பார்த்தேன். ரோபோ ஆய்வகம் என்று பலகை மாட்டிய அறை. நல்ல விலையில் வாங்கிய மனித உருவ ரோபோ கண்ணாடி அலமாரிக்குள் நின்றது. சாவி அலுவலகத்தில். கீழே விழுந்தால் உடைந்துவிடும், விருந்தினர் வரும்போது எடுப்போம் என்றார்கள். விழாத ரோபோவிடம் பிள்ளைகள் என்ன கற்பார்கள்? அதைப் பார்த்து வீடு திரும்பிய நாள் முழுக்க எனக்கு வருத்தமாக இருந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

எங்கள் பையன்களுடைய ஆய்வகம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. செடி, பழைய கட்டில், பூட்டு, நாற்காலி, மிக்ஸி ஜார் என்று விரித்திருக்கும் தார்ப்பாய்களுக்கு நடுவே கழித்துப் போட்ட பிரிண்டர்கள் குவிந்து கிடக்கும். ஒரு பிரிண்டரைப் பிரித்தால் ஸ்டெப்பர் மோட்டார், பெல்ட், வழுவழுப்பான எஃகுத் தண்டு கிடைக்கும். முப்பரிமாண அச்சு இயந்திரத்தையே அவற்றால் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பையன்கள் தேடிப்போனது பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளை. 17 சர்வோக்களும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் ஒவ்வொன்றும் இரண்டரை ஆம்பியர் இழுக்கும், மொத்தம் 40 ஆம்பியருக்கு மேல். அப்படி எப்போதும் நடக்காது. ஆனால் பாதி நடந்தாலே மூளைப் பலகை மயங்கி விழுந்து மறுபடி கண் திறக்கும். கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் 5 வோல்ட் வழியில் பெரும்பாலும் 20 ஆம்பியர் அளவுக்குக் கிடைக்கும், மேசையில் சோதிக்க அது போதும். கடைக்காரர் வாங்கும் முன்பே ஓட்டிக் காட்டினார். பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் கம்பியால் தொட்டார், விசிறி சுற்றியது. எங்கே கற்றீர்கள் என்றேன். “பிரிச்சுப் பிரிச்சுதான்” என்றார்.

ஆயுத பூஜையன்று மேசையைத் துடைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள்: சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், திருப்புளிகள், மடிக்கணினி. ரோபோவின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும். நிற்க வைத்துப் படம் எடுக்கத்தான் ஆசைப்பட்டார்கள். ஆனால் மின்சாரத்தை நிறுத்தியதும் முழங்கால் மடிந்தது. நாம் சும்மா நிற்கும்போது முழங்காலைப் பூட்டி எலும்பின் மேல் எடையை இறக்கிவிடுகிறோம். இதற்கு நிற்பதும் வேலை, நிற்கும் ஒவ்வொரு நொடியும் மோட்டார் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் ஒரு புத்தக அடுக்கின் மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைத்தோம். கீழ் வீட்டு அம்மா சுண்டலோடு வந்து பார்த்துவிட்டு, “இன்னிக்கு ஒருநாள் உக்காந்திருக்கட்டும், விழுந்து விழுந்து அலுத்திருக்கும்” என்றார்.

மறுநாள் விஜயதசமி. காலையிலேயே என் மருமகன் வலது முழங்காலுக்குப் புதுப் பல்சக்கரம் மாட்டி, நான்காவது வயரைத் திரும்பச் சால்டர் செய்து, தரையில் நிறுத்தினான். அக்கம்பக்கத்தில் எங்கேயோ பிள்ளைக்கு அரிசியில் ‘அ’ எழுத வைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ரோபோ ஏழு அடி வைத்தது. எட்டாவதில் மல்லாந்து விழுந்தது.

கீழேயிருந்து குரல் வந்தது: “விழுந்துடுச்சா தம்பி?”

“ஆமா பாட்டி.”

“எத்தனை?”

“ஏழு.”